சம்பந்தி வீட்டுக்குப் போன கன்று

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் மாமனார் மாமியாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனிதன் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று உனக்குத் தோன்றும். பயப்படாதே. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லாதது நம் வாசல் பேரீச்சை மரத்துக்கு. மரத்துக்காக ஒரு கடிதமா என்று கேட்பாய். முழுக்கப் படி, புரியும்.

கடை ஓடுகிறது. ஓடுகிறது என்பதைவிட நடக்கிறது என்று சொல்லலாம். இப்போது ஆளுக்கொரு கையடக்க ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டார்கள். மைக் செட்காரனைக் கண்டால் தூரத்துச் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். பெரிய கூட்டம் என்றால் மட்டும் ஞாபகம் வருகிறது. பரவாயில்லை, நேரம் மிச்சமாகிறது. அந்த மிச்ச நேரத்தில்தான் நான் உருப்படாத காரியம் எல்லாம் செய்கிறேன் என்பது உன் அம்மாவின் நெடுநாள் கருத்து. அவளுக்குப் பள்ளிச் சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது. கூடம் முழுக்க நீலத் துணி. புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவதில்லை. வீட்டில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகமும் போயிற்று.

மரத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே வாசலில் ஒரு புளித்த வாடை. எனக்குப் பக்கத்து வீட்டு டிரைவர் மேல்தான் சந்தேகம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் மனிதர் புதுப் பழக்கம் ஏதாவது ஆரம்பித்துவிட்டாரோ என்று, பேசும்போதெல்லாம் கொஞ்சம் நெருங்கி நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். அவரும் என்னிடம் அதேபோல் நெருங்கி நின்று மூச்சை இழுக்கிறார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். வயதான இரண்டு ஆண்பிள்ளைகள் ஒருவரையொருவர் மோந்து பார்த்துக்கொண்டு நின்றதைத் தெருவே பார்த்திருக்கிறது. கடைசியில் அவர்தான் குரலைத் தாழ்த்தி, “என்ன சார், வீட்டுல தெரியுமா?” என்று கேட்டார். அதையேதான் நான் அவரிடம் கேட்க இருந்தேன் என்றேன். பிறகு இரண்டு பேருமாக வாடையின் பின்னாலேயே போனால், அது மரத்தடியில் போய் நின்றது.

எந்த இடம் தெரியுமா? பக்கக்கன்றைப் பெயர்த்து எடுத்தேனே, அந்த இடம். உன் மாமனார் முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோது இந்த மரத்துப் பழத்தை ஒன்று வாயில் போட்டுவிட்டு, இன்னொன்று போட்டுவிட்டு, இதன் கன்று ஒன்று தருவீர்களா என்று கேட்டார் அல்லவா? அவ்வளவு பெரிய பேரீச்சைத் தோப்பு வைத்திருப்பவர் என் வாசல் மரத்தைப் பார்த்துக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ புறப்பட்ட வாரம் கடப்பாரையோடு நானே இறங்கிவிட்டேன். நர்சரிக்காரர், வெட்டிய இடத்தில் மருந்து தடவி மண் பூசச் சொன்னார். மண் மழையில் கரையும். நான் காலமெல்லாம் ஒயர் ஒட்டுகிறவன். வெட்டுப்பட்ட இடம் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இன்சுலேஷன் டேப். பழைய ஸ்பீக்கர் உறையைக் கிழித்துக் காயத்தின் மேல் வைத்து, அதன்மேல் கறுப்பு டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினேன். கன்றின் அடியிலும் அதே மாதிரி அழகாகச் சுற்றி, உன் சாமான்களோடு லாரியில் ஏற்றினேன். தண்ணீர் போகாது, காற்றுப் போகாது என்று லாரிக்காரரிடம் பெருமை வேறு.

இப்போது அந்த டேப்புக்கு அடியிலிருந்து பழுப்பாகப் பிசின் போல ஒழுகிக்கொண்டிருந்தது. ஓரத்தில் யாரோ மென்று துப்பியது மாதிரி நார். டிரைவர் மரத்தில் காதை வைத்துவிட்டு, உள்ளே ஏதோ இருக்கிறது என்றார். காலமெல்லாம் ஏர் ஹாரன் கேட்ட காது, அதை எப்படி நம்புவது? கடைக்குப் போய்ச் சட்டையில் மாட்டுகிற சின்ன மைக்கும் ஒரு ஆம்ப்ளிஃபையரும் கொண்டுவந்தேன். மைக்கை நார் தள்ளிய ஓட்டையில் வைத்துப் பிடித்துக்கொண்டு ஒலியைக் கூட்டினால், டிக் டிக் டிக் என்று துல்லியமாகக் கேட்டது. தாளம் தப்பாமல் தின்கிறது என்று அறிவித்தேன். தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். உன் அம்மா கையில் கத்தரிக்கோலோடு வெளியே வந்து கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, “கைக்கடிகாரத்தைக் கழட்டிட்டு வைங்க” என்றாள்.

கழற்றினேன். டிக் டிக் நின்றது. டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் டிக் டிக் போன பிறகு, அதற்குப் பின்னால் வேறொரு சத்தம் இருந்தது. ஈரமாக, அவசரமே இல்லாமல், யாரோ வாயை மூடாமல் வெள்ளரிக்காய் தின்கிற சத்தம். ஓர் ஆள் அல்ல, ஒரு பந்தியே உட்கார்ந்து தின்கிற மாதிரி. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். உன் அம்மா, “போதும், அணைங்க” என்றாள்.

டிரைவர்தான் பயிர்ப் பாதுகாப்பு ஆபீசுக்குப் போன் பண்ணினார். வந்தது ஒரு பெண் அதிகாரி. உன் வயதுதான் இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் உளி. டேப்பைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். பாதுகாப்புக்குச் சுற்றியது என்றேன். “யாரோட பாதுகாப்புக்கு?” என்றார். டேப்பைக் கிழித்து, அழுகிய இடத்தை உளியால் செதுக்கிக் காட்டினார். அந்தச் சங்கதியை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் அருவருப்பைப் பார்க்காமல் எழுதுகிறேன்.

இதற்குப் பெயர் சிவப்புக் கூன்வண்டு. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. துருப்பிடித்த நிறம், மேலே கறுப்புப் புள்ளிகள், முன்னால் வளைந்த நீள மூக்கு. அந்த மூக்கின் நுனியில்தான் வாய். மரத்தில் எங்கே புதுக்காயம் பட்டாலும் அந்த வாடை அதற்குத் தூரத்திலேயே தெரிந்துவிடுமாம். பெண் வண்டு வந்து மூக்கால் துளை போட்டு முட்டையிடும். ஒருத்தியே நூற்றுக்கணக்கில் இடுவாள். சில நாளில் புழு. வெள்ளை நிறத்தில் குண்டுப் புழு, தலை மட்டும் பழுப்பு, கால் என்பதே கிடையாது. சாப்பாட்டுக்குள்ளேயே குடியிருப்பதால் அதற்குக் கால் தேவைப்படவில்லை என்று அதிகாரி சொன்னார். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

தின்று கொழுத்தபின் அது மரத்தின் நாரையே சுற்றிச் சுற்றிக் கயிற்றுப் பந்து மாதிரி ஒரு கூடு பின்னிக்கொண்டு உள்ளே தூங்கிவிடுமாம். விழித்தால் வண்டு. வெளியே போகவும் அதற்கு அவசரம் இல்லை. அதே மரத்தில் ஜோடி சேர்ந்து, அதே மரத்தில் முட்டையிட்டு, பேரன் பேத்தி எடுத்துவிடும். அதுவரைக்கும் மரம் வெளியே பச்சையாகவே நிற்கும். நம் மரம் போன வாரம்கூடப் புதுக் குருத்து விட்டது. பிறகு ஒரு நாள், காற்றுகூட அடிக்காமல், அப்படியே சாயும்.

என் டேப்பின் மகிமையையும் சொன்னார். காயம் காய்ந்திருந்தால்கூட வாடை போயிருக்கும். நான் காற்றுப் போகாமல் மூடி, ஈரத்தை உள்ளேயே வைத்து, புழுவுக்கு ஏ.சி. ரூம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதன் ஓரத்தில் இருந்த இடுக்கு வழியாக வண்டு சௌகரியமாக உள்ளே போய் வந்திருக்கிறது.

இந்த வண்டு எங்கிருந்து வந்தது என்று டிரைவர் கேட்டார். தென்னையைத் தின்றுகொண்டிருந்த பூச்சி பேரீச்சைக்கு மாறியது என்று அதிகாரி சொன்னார். தானாகப் பறந்தால் பக்கத்துத் தோட்டம், மிஞ்சினால் அடுத்த தோட்டம். “நாடு விட்டு நாடு போனதெல்லாம் மனுஷன் கொண்டுபோய் விட்டதுதான் சார். கன்றுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு லாரியிலயும் கப்பல்லயும் போகும். டிக்கெட் வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம்” என்றார். நான் சிரித்தேன். நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, இந்த மரத்துக் கன்று வேறு எங்காவது போயிருக்கிறதா என்று கேட்டார்.

நான் குனிந்து கிழிந்த டேப்பைப் பொறுக்க ஆரம்பித்தேன். உன் அம்மாதான், “எங்க சம்பந்தி தோப்புக்குப் போயிருக்குங்க” என்றாள்.

அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அங்குள்ள ஆபீசுக்குத் தான் எழுதியே ஆகவேண்டும், அவர்கள் வந்து பார்ப்பார்கள், அதற்குச் சில நாள் ஆகும், அதற்கு முன்னால் தோப்புக்காரருக்குத் தெரிந்துவிடுவது நல்லது என்றார். கன்றை அந்த இடத்தை விட்டு வேறெங்கும் கொண்டுபோகக் கூடாது. தோண்டி, அங்கேயே பிளந்து பார்த்து, அங்கேயே எரிக்கவேண்டும். உள்ளே கூடு இருந்து, அது திறந்திருந்தால், வண்டு வெளியேறிவிட்டது என்று அர்த்தம். பிறகு தோப்பு முழுவதும் ஒவ்வொரு மரமாகப் பார்க்கவேண்டும்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். உன் மாமனார் எடுத்தார். “சம்பந்தி, நீங்க குடுத்த கன்று குருத்து விட்டிருச்சு. பம்ப் ரூம் பக்கத்துல, தோப்புக்கு நடுவுல வச்சிருக்கேன். வர்றவங்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுறேன்” என்றார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் மோட்டார் போட நேரமாகிவிட்டது என்று உன்னிடம் கொடுத்துவிட்டார். நீ, “நல்லா இருக்கேன்பா” என்றாய். பக்கத்தில் பாத்திரம் உருளும் சத்தம், யாரோ பேசும் சத்தம். நீ போன நாளிலிருந்து இந்த ஒரு வாக்கியம்தான் எங்களுக்குக் கிடைக்கிறது. நானும், நாங்களும் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். என் வாழ்நாள் முழுக்க மைக்கில் நான் பேசியது ‘ஹலோ, ஒன் டூ த்ரீ’ மட்டும்தான். அதற்குமேல் பேசவேண்டியது எப்போதும் வேறு ஆள். இப்போது அந்த வேறு ஆள் யாரும் இல்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். இதோடு உன் மாமனாருக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீ முதலில் படித்துவிட்டு, கிடைத்த அன்றே அவர் கையில் கொடு. நீயாக எதுவும் சொல்லாதே, எனக்காகப் பரிந்தும் பேசாதே. அவர் கோபப்பட்டால் அது நியாயமான கோபம். அது உன் பக்கம் திரும்பினால் மட்டும் எனக்கு உடனே எழுது. நான் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து, திட்டு வாங்கவேண்டிய ஆள் இவன்தான் என்று முன்னால் நிற்கிறேன்.

உன் நலமே வேண்டும்,
அப்பா

* * *

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வீட்டில் அனைவரும் நலம் என்று மகள் மூலம் அறிகிறேன். இந்த மாதிரி நடையில் எழுதி எனக்குப் பழக்கம் இல்லை. நாலு தாள் கிழித்தாயிற்று. ஆகையால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தங்களுக்குக் கொடுத்த கன்றின் தாய்மரத்தில் சிவப்புக் கூன்வண்டு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மரத்துக்குள் நிறைய. கன்றுக்குள்ளும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று இங்குள்ள அதிகாரி சொல்கிறார். தயவுசெய்து இதைப் படித்ததும் அந்தக் கன்றைத் தோண்டி, அதே இடத்தில் பிளந்து, எரித்துவிடுங்கள். அதன் அடியில் நான் சுற்றிய கறுப்பு டேப் இருக்கும். பாதுகாப்பு என்று நினைத்துச் சுற்றினேன். பூச்சிக்குத்தான் பாதுகாப்பாகப் போயிற்று. தங்கள் ஊர் அதிகாரிகளும் சில நாளில் வருவார்கள். அவர்கள் வாயால் தாங்கள் முதலில் கேட்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தத் தோப்பில் ஒவ்வொரு மரத்தையும் தாங்கள் தடவிப் பார்த்துப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். நான் பெற்ற பெண்ணைக்கூட அப்படி விசாரித்ததில்லை என்று என் மனைவி அன்றைக்கே சொன்னாள். அப்படிப்பட்ட இடத்துக்கு நான் இதை அனுப்பிவிட்டேன். அழகாக இருக்கட்டும் என்று ரிப்பன் வேறு கட்டி அனுப்பினேன்.

தாங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். கன்று வெட்டியது நான், சுற்றியது நான், ஏற்றியது நான். அவள் சாமான்களோடு அது லாரியில் வந்தது என்பதைத் தவிர என் மகளுக்கு இதில் பங்கு இல்லை. அவளுடைய கெட்ட குணங்கள் வேறு. அவற்றுக்கு வேண்டுமானால் தனியாகத் திட்டலாம்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும் சம்பந்தி

* * *

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடிதமா அது, பார்சல். தபால்காரர் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, “உங்க பொண்ணு எழுதினதா, இல்ல கோர்ட்டுல இருந்து வந்திருக்கா?” என்று கேட்டார். உன் அம்மா தையலை அப்படியே போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். ஆம்ப்ளிஃபையர் இல்லாமலே தெருமுனை வரை கேட்டிருக்கும். டிரைவர் தன் வீட்டுக்குள் இருந்தபடியே சரியான இடங்களில் சிரித்தார்.

உன் மாமியாரின் பகல் குறட்டையை மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடுகிற சத்தம் என்று நினைத்து மாப்பிள்ளை சுவிட்சை அணைக்க ஓடினாரே, அந்த இடத்தில் உன் அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. அதைவிட, அந்தக் கதையை எழுதச் சொன்னதே மாமியார்தான் என்று நீ எழுதியிருந்தது எனக்குப் பிடித்தது. போனில் ஒரே வரியோடு ஏன் நிறுத்துகிறாய் என்று இத்தனை நாள் நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அங்கே சமையலறைச் சுவரோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், அந்த நேரத்தில் வீடே அங்கே கூடி நின்று உன் வாயைப் பார்க்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், உன் அம்மா இவ்வளவு யோசித்திருக்க மாட்டாள். நான் யோசித்தேனா என்று கேட்காதே. நான் யோசிக்கிற ஆளா.

என் கடிதத்தை உன் மாமனார் நின்றுகொண்டே படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தார் என்று நீ எழுதிய இடத்தில் நான் படியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். வேலையாட்களைக் கூப்பிடவில்லை, யாரையும் தொடவும் விடவில்லை. டேப்பைக் கத்தியால் கீறியும் வராமல், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாராமே. “உங்கப்பா கட்டினா பிரிக்கிறதுக்கு அவரே வரணும் போல” என்று மாப்பிள்ளை உன் காதில் சொன்னதைப் படித்ததும், இந்தப் பையன் தேறிவிடுவான் என்று உன் அம்மா சொன்னாள்.

கன்றுக்குள் புழு இருந்தது. நார்க் கூடுகளும் இருந்தன. எல்லாம் மூடியே இருந்தன என்று நீ எழுதிய வரியை உன் அம்மாவை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். எரிக்கும் முன் மாமனார் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்த கூடுகளை அங்குள்ள அதிகாரியும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒன்றிலிருந்தும் வண்டு வெளியேறவில்லை என்று சொன்னதையும் படிக்கச் சொன்னேன். இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் கதை வேறு என்று அவர் சொன்னாராம். அதை மட்டும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

ஆனாலும் உன் மாமனாருக்கு நஷ்டம்தான். இந்தப் பருவத்தில் அவர் ஒரு கன்றும் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே. எரித்தபிறகு பம்ப் ரூம் படியில் உட்கார்ந்தவர் சாப்பிடவும் வரவில்லை, மறுநாள் முழுக்க யாரோடும் பேசவில்லை, நீ தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி வந்தாய் என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதாததையும் நான் படித்துக்கொண்டேன். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று அப்போதே எனக்குக் கேட்கத் தோன்றியது. அதெல்லாம் முடிந்து போன கதை என்று உன் அம்மா சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

பிறகுதான் அந்த இடம் வந்தது. அதிகாரி தரையில் கிடந்த டேப்புக் கத்தையைக் காலால் தள்ளி, எந்தப் புத்திசாலி இதைச் சுற்றினான் என்று கேட்டாரே, அந்த இடம். தோப்பு வேலையாட்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். நீயும் நின்றுகொண்டிருந்தாய். உன் மாமனார் அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்து, “எங்க வீட்டு ஆள்தான் சுத்தினாரு. மேல கேளுங்க” என்றார்.

உன் அம்மா அதோடு படிப்பதை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். புதுக் கண்ணாடி, அதில் அழுக்கு ஏது. நான் எழுந்து போய் மரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். டிரைவரும் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் நல்ல மனிதர்.

மரத்தை மறுநாள் வெட்டினோம். காப்பாற்ற முடியுமா என்று இங்குள்ள அதிகாரியிடம் கேட்டேன். ஆரம்பத்தில் தெரிந்திருந்தால் துளை போட்டு மருந்து ஏற்றலாம், இதற்குள் அடிமரத்தில் பாதி இல்லை என்றார். வெட்டித் துண்டு போட்டதும் பார்த்தேன். வெளியில் அவ்வளவு கம்பீரமாக நின்ற மரம், உள்ளே கையை விட்டால் ஈர நாராக வருகிறது. எல்லாவற்றையும் பொடியாக்கி ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். நான் வருத்தப்படுவேன் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருத்தம்தான். ஆனால் கூடத்துக்கு இப்போது நல்ல வெளிச்சம் வருகிறது. நீலத் துணியும் கறுப்புத் துணியும் இப்போதுதான் வேறு வேறாகத் தெரிகிறது என்று உன் அம்மா சொல்கிறாள். அப்படியானால் போன மாதம் தைத்துக் கொடுத்ததெல்லாம் என்ன நிறம் என்று கேட்டேன். கத்தரிக்கோலைத் தேடப் போய்விட்டாள்.

தெருவில் இன்னும் பேரீச்சை மரங்கள் இருப்பதால் ஒரு பொறி கொடுத்திருக்கிறார்கள். வாளியில் தண்ணீரும் புளித்த பேரீச்சம்பழமும், மூடிக்கு அடியில் ஆண் வண்டின் வாசனை அடைத்த ஒரு சின்ன உறையும். அந்த வாசனைக்கு ஆண், பெண் எல்லா வண்டும் வந்து உள்ளே விழுமாம். ஓர் ஆண்பிள்ளை வாசனைக்கு இத்தனை பேர் வருவார்களா என்று கேட்டுவிட்டு உன் அம்மா என்னையும் ஒரு முறை மோந்து பார்த்தாள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாளியை டிரைவர் வீட்டு மரத்தில் நானே கட்டித் தருகிறேன் என்று கயிறோடு கிளம்பினேன். அதிகாரி பிடித்து நிறுத்தினார். மரத்திலேயே மாட்டினால் விருந்தாளியைக் கூப்பிட்டு வீட்டுக்குள் விட்ட கதையாகுமாம். மரங்களை விட்டுத் தள்ளி, தெருக்கோடியில் காலி இடத்தில் வைக்கவேண்டுமாம். இந்தத் துறையில் எனக்குத் தோன்றுகிற எதையும் அதற்கு நேர்மாறாகச் செய்தால் சரியாக இருக்கும் என்று கண்டுகொண்டேன். வாளிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு இப்போது என்னுடையது. காலையில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். போன உத்தியோகத்துக்குப் பதில் ஓர் உத்தியோகம்.

உன் மாமனாருக்கு நான் போன் பண்ணினேன். இந்தத் தடவை ஒன் டூ த்ரீயோடு நிற்கக் கூடாது என்று இருந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவர், அந்தப் பேச்சை விடுங்கள், மரத்தை வெட்டினீர்களாமே, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் அவர் அங்கே இருமினார், நான் இங்கே இருமினேன். திருப்தியாக இருந்தது.

மரம் போய்விட்டால் அப்பா சும்மா உட்கார்ந்திருப்பார், போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவரே உன்னிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்ததும் புறப்படுவதாகவும், என்ன கொண்டு வரட்டும் என்றும் கேட்டிருக்கிறாய். மாமியார் பழப்பெட்டி கட்டி வைத்திருக்கிறார், ஓலையில் பின்னின பாய் ஒன்று வைத்திருக்கிறார், அம்மாவுக்குப் பேரீச்சை நாரில் நல்ல துடைப்பம் வைத்திருக்கிறார் என்று பெரிய பட்டியல்.

அம்மாடி, ஒன்றும் வேண்டாம். நம் வாசற்கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஓலை, நார், மட்டை, கன்று எதுவும் இந்த வீட்டிலிருந்து போகவும் கூடாது, வரவும் கூடாது. பழம் பரவாயில்லை என்று அதிகாரி சொன்னார். பெட்டிக்கு அடியில் ஓலை விரித்திருப்பார்கள், அதனால் அதுவும் வேண்டாம். மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல், கோபித்துக்கொள்ள மாட்டார். வெறுங்கையோடு வந்து நிற்கிறாளே என்று தெருவில் யாராவது சொன்னால் சொல்லட்டும், அரசாங்க உத்தரவு என்று நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சீக்கிரம் கையை வீசிக்கொண்டு வா. நீ வந்தால் போதும்.

ஆசிகளுடன்,
அப்பா